இடது சீட்டு

தினமுமா வருவீங்க, என்றுதானே கேட்டாள் ரூபி, அந்தத் ‘தினமுமா’வில் இருந்தது சந்தோஷமா, திகைப்பா... முந்தாநாள் காலை, தோசைக்கல்லைப் பார்த்தபடி கேட்டாள், முகம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் மட்டும் என்ன விளங்கியிருக்கும், பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளின் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் கேப்டன் ஜெரோம் அடுப்படியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மேகத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு மழை இருக்கிறதென்று சொல்லிவிடுகிறவன், நூற்றெண்பது பேரைச் சுமந்துகொண்டு பறக்கிறவன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. “மதுரைல போட்டுட்டாங்கன்னா டூட்டி முடிஞ்சதும் ஒன்றரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துரலாம் ரூபி” என்று இவன் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. கேட்ட கையோடு சட்னிக்கு உப்பு போதுமா என்று பார்க்கச் சொன்னாள், இவனும் போதும் என்றான்.

இப்போது மணி பதினொன்று இருபது. நாகல் நகரில் ஒரு டியூஷன் வாசலில், வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நாகல் நகர் என்பதே காலையில்தான் தெரியும், இவன் பாட்டுக்கு ஆர்.எம். காலனிப் பக்கம் வண்டியைத் திருப்ப, “அங்கிட்டு இல்லப்பா, டியூஷன் மாத்தி ஆறு மாசமாச்சு” என்றாள் மகள் ஷைனி, பின்சீட்டிலிருந்து. பின்சீட்டிலிருந்து! முன்கதவை இவன் திறந்து வைத்திருந்தும் அவள் பின்னால் போய் ஏறினாள், கோபமெல்லாம் இல்லை, தினமும் ரஹ்மத்துல்லாவின் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பழகிய பிள்ளை. டெல்லியிலிருந்து மூன்று நாள் லீவில் வந்திருக்கும் அப்பா, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ரஹ்மத்துல்லாவை வரவேண்டாம் என்றுவிட்டார், அவ்வளவுதான். வீட்டு வாசலிலிருந்து வண்டியை ரோட்டில் ஏற்றும்போது “லெஃப்ட் கிளியரா?” என்று வாய் தானாகக் கேட்டது, விமானத்தில் அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழக்கம், பக்கத்துச் சீட்டில் முன்பின் தெரியாத துணை விமானி இருந்தாலும் பதில் வரும், வந்தால்தான் வண்டி நகரும். இங்கே ஷைனியின் காதில் பாட்டு ஓடியது. விமானத்தில் கேப்டனுக்கு இடது சீட்டு, துணை விமானிக்கு வலது, அந்தக் கணக்கில் பார்த்தால் சொந்தக் காரில் இவன் எப்போதும் துணை விமானிதான், கேப்டன் சீட்டு காலியாகக் கிடக்கிறது, அதன்மேல் ஷைனியின் தண்ணீர் பாட்டில் மட்டும்.

கையில் போன் சூடாகிக்கொண்டிருந்தது. இவனுடைய சின்னக் கம்பெனியும் பெரிய கம்பெனியும் ஒன்றாகப் போகிறதாம், ஜூனுக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள், முடியாது என்றும் சொல்கிறார்கள், விமானிகள் குரூப்பில் ஒரு வாரமாக ஒரே இரைச்சல், சம்பளம் கூடும் என்று ஒருவன், பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதற்குப் பேர் கல்யாணமா என்று இன்னொருவன். சங்கம் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் அழுத்த வேண்டும், அழுத்தினால் மாற்ற முடியாது. இரண்டு கம்பெனி விமானிகளையும் ஒரே பட்டியலாக்கும்போது யார் முன்னே, யார் பின்னே? வேலையில் சேர்ந்த தேதிப்படியா, கேப்டன் ஆன தேதிப்படியா? கேப்டன் தேதி என்றால் இவன் முன்னே நிற்பான், முன்னே நிற்கிறவனுக்கே கேட்ட ஊர், மதுரை இவனுக்குத்தான். சேர்ந்த தேதி என்றால் இவன் தலைக்கு மேல் நாற்பது பேர், டெல்லியில் அதே ஒற்றை அறை, அதே ஒற்றைத் தட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது... இருந்தது, நேற்று பிராங்கிளின் போன் பண்ணியிருந்தான். வத்தலக்குண்டுக்காரன், ஒன்றாகப் பறக்கப் படித்தவன், பெரிய கம்பெனியில் ஒரு வருடம் முந்திச் சேர்ந்தவன், அங்கே வரிசை நீளம். “ஏலே ஜெரோமு, பதிமூணு வருசம் வலது சீட்டுலயே உக்காந்து கெடந்துட்டு இப்பத்தான்டா இடது பக்கம் வந்துருக்கேன், கேப்டன் தேதின்னு அமுக்கி என்னைத் திரும்ப அங்க தள்ளிராதீங்கடா.” அழவில்லை அவன், சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அதுதான் இவனுக்குத் தாங்கவில்லை.

சரி, வீட்டில் ஒரு பட்டியல் போட்டால்? சேர்ந்த தேதிப்படி இவன்தான் முதல், கல்யாணப் பந்தலிலேயே சேர்ந்தாகிவிட்டது, ஷைனி பிறகு, ரஹ்மத்துல்லா அதற்கும் வெகு பிறகு. ஆனால் கூட இருந்த நேரத்தை எண்ணினால்... மழையில் நனைந்த பிள்ளையைக் கூட்டிவந்தது யார், காய்ச்சல் அன்று ரூபியையும் அவளையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது யார், ஆட்டோக்காரருக்குப் பின்னால் நிற்கிறான் கேப்டன். ஆக, கம்பெனியில் கேப்டன் தேதி கேட்கிறவன் வீட்டில் சேர்ந்த தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான், நன்றாக இருக்கிறது நியாயம். எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் புதுக் கம்பெனிக்குப் போனால் கடைசியில்தான் நிற்க வேண்டும், வீட்டுக்குத் தினமும் வந்தால் அங்கேயும் தினமும் கடைசியில் நிற்க வேண்டுமே, தினமும் வழி கேட்க வேண்டுமே, தினமுமா... ஆமாம், திகைப்புதான் அது, சந்தேகமே இல்லை, அவர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் நான் எதற்கு நடுவில். பதினொன்று நாற்பத்திரண்டு. ‘சேர்ந்த தேதி’ என்பதை அழுத்தினான். பச்சை டிக் விழுந்தது. பிராங்கிளின் சந்தோஷப்படுவான், சிநேகிதன் என்றால் இவனல்லவா என்பான். நெஞ்சு லேசானது போலத்தான் இருந்தது.

ஷைனி வந்து பழையபடி பின்னால் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டே, “ஏம்ப்பா, மதுரை கண்டிப்பா கெடச்சிரும்ல?” என்றாள். ஏன் கேக்குற என்றான். “இல்ல, அம்மா முந்தாநேத்தே ரஹ்மத்துல்லா மாமாட்ட சொல்லிருச்சு, ஜூன்ல இருந்து நீங்க வேற சவாரி பாத்துக்கங்க, எங்க வீட்டுக்காரர் வந்துருவாருன்னு. மாமாவுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அம்மா அம்புட்டு சிரிப்பு.”

சிரித்தாளா. தோசைக்கல்லைப் பார்த்துக் கேட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாளா. அப்படியானால் அந்தப் பச்சை டிக் பிராங்கிளினுக்காகப் போட்டது இல்லையா, பயந்துதான் போட்டதா, எதற்குப் பயம், இவர்களுக்கா... பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது.

“சொல்லுங்கப்பா, கெடச்சிரும்ல?”

ஜெரோம் வண்டியைக் கிளப்பினான். “லெஃப்ட்ல எதும் வருதா பாரும்மா” என்றான்.

காதில் மாட்டப் போன இயர்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கி, அவள் கவனமாகப் பார்த்தாள். “ஒண்ணும் வரலப்பா, போலாம்” என்றாள்.

வண்டியை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.