கட்டிப்பிடிக்கிற ஊரில் துப்பாக்கி உறை

வீடு பார்க்க வந்த அம்மாள் ட்வைலாவைக் கட்டிப்பிடித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஏரிக்கரை வீடு அந்த அம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், பின்பக்கம் காய்த்துத் தொங்கும் பீச் மரம். கலிபோர்னியாவிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் குடிவருகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பேசி முடித்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் ஊர்ப் பழக்கத்தையும் கற்றுக்கொண்டிருந்தாள், பாவம். ஒரு கை ட்வைலாவின் தோளைச் சுற்றியது. இன்னொரு கை இடுப்பைச் சுற்றப்போன இடத்தில், சட்டைக்கடியில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. என்ன அது என்று கேட்டாள். ட்வைலாவுக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. துப்பாக்கி என்றாள். அந்த அம்மாள் காரில் ஏறிப் போனவள்தான், பிறகு ஏரியும் வேண்டாம் பீச் மரமும் வேண்டாம் என்று தகவல் அனுப்பிவிட்டாள்.

ட்வைலா வேலை பார்ப்பது வீடு வாங்கி விற்க உதவும் நிறுவனத்தில். அதன் முதலாளி லோரீன் கேட்ஸ். ஊரில் கைமாறும் வீடுகளில் பாதி அவர் கைவழியாகத்தான் போகும். ட்வைலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிப்புத் தேநீர் ஊற்றிக்கொடுத்து, பிறகு சொன்னார்.

"கண்ணு, அத வெச்சுக்கறது உன் இஷ்டம். நான் குறுக்க நிக்கல. ஆனா இன்னொருத்தர் வந்து கைல இடிச்சுதுன்னு எங்கிட்ட சொன்னாங்கன்னா, நீ முன்மேசைல உக்காந்து ஃபோன் எடுக்க வேண்டியதுதான்."

முன்மேசையில் உட்கார்ந்தால் கமிஷன் கிடையாது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் ட்வைலா ஹாட்ஜ். அப்படி வாங்கிய பட்டம் சுவரில் தொங்க, அதன் கீழே உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வரும் அழைப்புகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் என்ன? போன வசந்தத்தில் துப்பாக்கியே இல்லாமல்தான் போனாள். காலியாகக் கிடந்த பண்ணை வீட்டைப் பார்க்க வந்தவன், அவள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழ்போட்டான். காற்று அடிக்கிறதே, அதற்காக என்றான். அன்று ஒரு இலைகூட அசையவில்லை. துணி துவைக்கும் அறையின் பின்கதவு வழியாக வெளியேறி, வேலிக்கம்பியில் சட்டை கிழிய, வண்டிக்கு ஓடினாள். அதைக் கேட்ட எல்லோரும் ஜாக்கிரதையாக இரு என்று அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள். ஜாக்கிரதையாக இருப்பது அவள் வேலையாம். தாழ்போட்டவனுக்கு ஒரு வேலையும் கிடையாதாம். சரி, இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் துப்பாக்கியை வாங்கினாள்.

ஆக, துப்பாக்கியும் இடுப்பில் இருக்க வேண்டும், வேலையும் கையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் உறை.

துப்பாக்கிக் கடையில் ஒரு சுவர் முழுக்க உறைகள் தொங்கின. பெண்களுக்கென்று ஏதாவது உண்டா என்று கேட்டதற்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்து நீட்டினார். மற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். நிறம் என்றார், கூச்சமே இல்லாமல். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ரகசிய அறை வைத்த கைப்பை ஒன்றைக் காட்டினார். வீடு காட்டப்போகிறவள் கைப்பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவாள். மேடையில் கிடக்கிற துப்பாக்கி மேடைக்குத்தான் காவல். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாள்.

அண்ணன் ரஸ்டிக்கு இதெல்லாம் கொண்டாட்டம். அந்த ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் மாட்டி, வெறுத்துப்போய், தூக்கி எறியவும் மனம் வராத உறைகளெல்லாம் அதற்குள் கிடக்கும். ரஸ்டியின் பெட்டி, பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டி. கல்யாண ஆல்பம் காட்டுகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, அது எப்போது வாங்கியது, எதனால் கசந்தது என்று கதை சொன்னான். எதுவானாலும் வலது இடுப்பில்தான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதையே அவனும் சொன்னான்.

"ஏண்டி படிச்சவளே, காலேஜ்ல இதுக்கெல்லாம் ஒரு பாடம் வெக்கலியா?"

"வெச்சிருந்தா நீ அதுலயும் ஃபெயிலாகியிருப்ப."

ட்வைலா தோட்டாக்களை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு ஒவ்வொரு உறையாக மாட்டி, தன் வேலையில் என்னென்ன செய்வாளோ அதையெல்லாம் செய்து பார்த்தாள். கார் ஓட்டினாள். தொட்டிக்கடியில் குழாய் ஒழுகுகிறதா என்று குந்திப் பார்த்தாள். ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். தோல் உறை, உட்கார்ந்தால் இடுப்பெலும்பை நசுக்கியது, நின்றால் விலாவைக் குத்தியது. முதுகுப்பக்கம் செருகியதில் நாற்காலியில் சாய முடியவில்லை. கணுக்காலில் கட்டியது பரண் ஏணியில் கீழே நிற்கிறவர் கண்ணுக்கு நேராக வந்தது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டைதான் மெத்தென்றிருந்தது. ஆனால் அந்தத் துணிக்கு மேலேயே விரலை வைத்து விசையை அழுத்த முடிந்தது. உடனே அவிழ்த்துப் பெட்டியின் அடியில் போட்டாள்.

மிச்சமிருந்த ஒன்றை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். அவளுடைய அலுவலகக் கால்சட்டை மெல்லிய துணி, பெல்ட் கோக்க இடமே வைக்காமல் தைத்தது. பொத்தானைக் கழற்றியதும் துப்பாக்கியின் கனத்தில் கால்சட்டை, உறை எல்லாம் மொத்தமாகத் தரையில் விழுந்து தடால் என்றது.

வெளியே ரஸ்டி, "உள்ள யாரு, ஷெரிஃபுங்களா?" என்றான்.

"நீங்கல்லாம் நின்னுக்கிட்டே போறவங்க. இதச் செஞ்சவன் ஒருநாளாவது உக்காந்து பாத்திருப்பானா?"

ரஸ்டிக்குச் சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்காமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நிற்கும்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அங்கே வணக்கம் சொல்வதென்றால் கட்டிப்பிடிப்பதுதான். ரஸ்டியை ஒருவர் கட்டிக்கொண்டார். அவன் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து, வலது முழங்கையை இடுப்போடு இறுக்கி வைத்துக்கொண்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். அங்கே நின்ற ஆண்கள் அத்தனை பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே அன்பு செலுத்திக்கொண்டிருந்தார்கள். பெண்களோ நேருக்கு நேர் வந்து, இரண்டு கையாலும் வளைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் விட்டார்கள். ட்வைலா ஒரு பெண்ணிடம் தோளை மட்டும் கொடுத்துப் பார்த்தாள். என்ன கோபம் என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

அவள் ரஸ்டியின் காதில் கேட்டாள்.

"உன்ன யாராவது முழுசா கட்டிப்பிடிச்சு எத்தன வருஷம் ஆச்சு?"

"ஏன், எனக்குப் பொண்டாட்டி இல்லியா?"

"அவளத் தவிர."

ரஸ்டி உண்மையாகவே யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் விழுந்தது. "யாருமில்ல" என்றான்.

கடைக்காரரும் அண்ணனும் வலது இடுப்பு, வலது இடுப்பு என்று ஏன் பாட்டுப் பாடினார்கள் என்று இப்போது புரிந்தது. அவர்கள் இடுப்பை யாரும் தொடுவதில்லை. தொடாத இடத்தில் மறைத்துவிட்டு, மறைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். ட்வைலா பிரசங்கம் முடியும்வரை காத்திருந்து, வாசலில் பெண்களின் கைகள் எங்கே போகின்றன என்று மட்டும் பார்த்தாள். தோளுக்குப் போயின, முதுகுக்குப் போயின, இரண்டு பக்க இடுப்புக்கும் போயின. தொப்புளுக்குக் கீழே, முன்பக்கம், ஒரு கைகூடப் போகவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். முதலில் கால்சட்டை. பெண்கள் பகுதியில் தேடி அலுத்து, ஆண்கள் பகுதியில் பெல்ட் கோக்கும் பட்டிகள் கெட்டியாக வைத்த கறுப்புக் கால்சட்டையை வாங்கி, தையற்கடையில் கொடுத்து இடுப்பைப் பிடிக்கவைத்தாள். அதில் பைகளும் ஆழமாக இருந்தன. இத்தனை நாளாக இந்தப் பைகளை எங்களிடமிருந்து ஒளித்துவைத்திருந்தீர்களா என்று ஆண் வர்க்கத்தையே மனதுக்குள் ஒரு பிடி பிடித்தாள். வளையாத, அகலமான பெல்ட் ஒன்று. விசையை முழுக்க மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை, ரஸ்டியின் பெட்டியிலேயே கிடைத்தது; தொப்பை இடிக்கிறது என்று அவன் ஒதுக்கியது. அதை முன்பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் வலப்புறம் தள்ளிச் செருகினாள். உட்கார்ந்தபோது கீழ் முனை குத்தியது, மேலே கைப்பிடி சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய ஷூவின் உள்மெத்தையை வெட்டி, உறையின் கீழ் முனைக்குப் பின்னால், உடம்புப் பக்கமாக ஒட்டினாள். அடியில் அது வெளியே தள்ளியதும் கைப்பிடி தானாக வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. குத்தலும் போயிற்று.

ரஸ்டி பார்த்துவிட்டு, இது எங்கே குறிபார்த்துக்கொண்டிருக்கிறது தெரியுமா என்று பயமுறுத்தினான். தெரியும் என்றாள். அதனால்தான் துப்பாக்கியை முதலில் உறைக்குள் வைத்து, உறையோடு சேர்த்து இடுப்பில் செருகுவதாகவும், இடுப்பில் இருக்கும் உறைக்குள் அதைத் திணிப்பதே இல்லை என்றும் சொன்னாள். அவன் அதைத் தன் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றிவிட்டான்.

வெறும் துப்பாக்கியோடு சில நாட்கள் வீட்டில் நடமாடினாள். வீடு துடைத்தாள், கெளுத்தி மீன் பொரித்தாள், சோபாவில் காலை மடக்கித் தூங்கினாள். இடுப்பில் அது இருப்பதையே ஒருநாள் மறந்துவிட்டாள். அன்றுதான் தோட்டாக்களைப் போட்டாள்.

அடுத்து வந்தவர்கள் டென்னசியிலிருந்து வந்த தம்பதி. அதே ஏரிக்கரை வீடு. கணவர் கைகொடுத்தார். மனைவி ஆறடி உயரம், அன்பு அதற்கும் மேலே. ட்வைலாவை வளைத்து, தரையிலிருந்து கிட்டத்தட்டத் தூக்கி, இடமும் வலமும் ஆட்டி இறக்கினாள். ட்வைலா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள். பீச் பழங்கள் வீட்டோடு சேர்த்தியா என்று மட்டும் கேட்டாள் அந்தப் பெண்.

கையெழுத்தான அன்று லோரீன் தன் அறையிலிருந்து எழுந்துவந்தார். அவரும் முழுசாகக் கட்டிப்பிடிக்கிறவர்தான். தோள், முதுகு, இரண்டு பக்க இடுப்பு என்று எங்கும் விடவில்லை. ஒரு சோதனையும் அதில் கலந்திருந்தது.

"என் பேச்சக் கேட்டு அத வீட்டுல வெச்சுட்டு வந்தியே, ரொம்பச் சந்தோஷம் கண்ணு."

சும்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம். வேலை தப்பியது, கமிஷன் வந்தது. ட்வைலாவுக்கு அது முடியவில்லை. ஒளித்துவைக்க வேண்டியது துப்பாக்கியைத்தான், தன்னை இல்லை என்று பட்டது.

"விட்டுட்டு வரல, மிஸ் லோரீன். இப்பவும் எங்கிட்டதான் இருக்கு. யாரு கைலயும் இடிக்கக் கூடாதுன்னீங்க. உங்க கைலயே இடிக்கல."

லோரீன் ஓரடி பின்னால் போனார். அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகவும் பார்த்தார். ட்வைலா முன்மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அந்த நாற்காலி அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

லோரீன் அவளைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என்னுடையது கைப்பையில் இருக்கிறது, கைப்பை காரில் இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தோளில் மாட்டிப் பார்த்ததாகவும், காலில் கட்டிப் பார்த்ததாகவும், வீட்டில் ஒரு பெட்டியே இருப்பதாகவும் சொன்னார். பண்ணை வீட்டில் தாழ்போட்டவன் கதையைக் கேட்ட இரவு தூங்கவில்லை என்றும் சொன்னார்.

"அப்ப என்னைய முன்மேசைக்கு அனுப்பறதுக்குப் பதிலா, வாங்க வர்றவங்கள மொதல்ல ஆஃபீஸுக்கு வரச்சொல்லி, டிரைவிங் லைசென்ஸ வாங்கி ஆள் யாருன்னு பாத்துட்டு அனுப்புங்களேன். இது இடுப்புல இருந்தாலும் தாழ்போட்ட கதவு தாழ்போட்ட கதவுதான்."

அப்படியே செய்யலாம், திங்கட்கிழமையிலிருந்தே என்றார் லோரீன். ட்வைலா நன்றி சொல்லிக் கதவுப்பக்கம் திரும்பினாள்.

"இரு இரு. அந்தக் கால்சட்ட எந்தக் கடைல வாங்கின?"