நிற்கட்டும் என்று வைத்த பெயர்

...ராசியான பெயராம். தேவாலயப் படியில் நின்று குழந்தையின் தாத்தா, கிழவர் வுகோட்டா, ஞானத்தாயாக வந்த ஸ்தானாவிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார், "உன் பேரையே வச்சிரு கூமா, உனக்கப்புறம் உங்க வீட்ல தம்பி பொறந்தானா இல்லியா?" பிறந்தான், பிறந்து நிக்ஷிச் தெருக்களில் கார் ஓட்டிப் பொழுதைக் கழிக்கிறான், அவனை வரவழைக்கத்தான் நாலாவது பெண்ணான தனக்கு ஸ்தானா என்று வைத்தார்கள், நிற்கட்டும், பெண் பிறப்பது இதோடு நிற்கட்டும்... பிறந்த குழந்தையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு அதற்குப் பெயர் என்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு தோஸ்தா, போதும் என்று அர்த்தம், அவளும் கூப்பிட்டால் திரும்பித்தான் பார்க்கிறாள். குடும்பத்திலேயே முதல் பட்டம் தன்னுடையது, சட்டம் படித்தாள், மேடையில் ஸ்தானா என்று கூப்பிட்டபோது அப்பா கைதட்டினாரே, எதற்குத் தட்டினார், பட்டத்துக்கா, பெயர் பலித்ததற்கா?

இன்றைக்கு நடக்காது. ஞானத்தாய் வாயிலிருந்து வருவதுதான் பெயர், பெற்றவர்களே மாற்ற முடியாது, கிழவர் என்ன செய்வார்? வைக்கப்போவது விஷ்ன்யா, செர்ரிப் பழம், யாருக்காகவும் எதையும் நிறுத்த வேண்டாத பெயர். உள்ளே பாதிரியார் பெயர் கேட்கும்போது மெழுகுவர்த்தி விரலில் சொட்டுகிறது, கைக்குழந்தை கனக்கிறது, ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் கூட இருந்த ரத்மிலா, குழந்தையின் தாய், காதருகே வருகிறாள், இதோடு மூன்று பெண்களைப் பெற்ற முகம், வெளிறிக் கிடக்கிறது. "ஸ்தானான்னே வச்சிருடி." உனக்குமா மூளை கெட்டுப்போச்சு என்று பல்லைக் கடிக்கிறாள் ஸ்தானா. "மாமா பேரனுக்காகக் கேக்கறார். நான் அதுக்குக் கேக்கல. பெத்துக்கறதே இதோட நிக்கட்டும்." அதை உன் புருஷன்கிட்ட சொல்லேன். "சொன்னா கேக்குற வீடா இது? சாமிகிட்டயாவது போய்ச் சேரட்டும்."

கோபம் அப்படியே இருக்கிறது, யார்மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை... இருபது வருடமாக அப்பாமேல் எறிந்தாயிற்று. நான்கு பெண்களில் தன்னைக் கூப்பிடும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்குமே, வெட்கம் என்றல்லவா நினைத்திருந்தாள், அது கெஞ்சலாக இருந்திருந்தால், ஒவ்வொரு தடவையும், அடுப்படியிலிருந்து, ஸ்தானா, ஸ்தானா என்று... அந்தப் பெயரைக் கேட்டு வாங்கியது யார், அப்பாவா, அம்மாவேதானா?

"குழந்தையின் பெயர்?" பாதிரியார் மறுபடியும் கேட்கிறார். வாய் திறந்துதான் இருக்கிறது. அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லையே.