தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை இடம்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. அழகான எதிலிருந்தாவது பிறந்தது என்று சொல்ல ஆசைதான். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், புதிதாக வெள்ளையடித்த ஜிப்சம் பலகைக்குப் பின்னாலிருந்து நனைந்த கோணிச்சாக்கு வீச்சம் வந்தது. அன்றைக்கே முதல் வரியை எழுதினேன்:

லெஃப்காதாவின் காயல்மீது அந்தி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த

அடித்துவிட்டேன். எங்கள் கிரேக்கத் தீவின் அந்தியைப் பற்றி எழுத விடுதி விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் ஸோயிஸும் அவர்களில் ஒருவன்.

2

வீட்டைச் சொல்லாமல் கதை நகராது. கீழே கல்சுவர். மேல்தளம் முழுக்க மரச்சட்டம். மூலைக்கு மூலை சாய்கட்டை, வெளியே தகரம். கல்சுவருக்கு உட்பக்கம், ஒரு கை நுழைகிற இடம் விட்டு, மரத்தூண்கள் நிற்கின்றன. சாதாரண நாளில் அவை சும்மா நிற்பதுபோலத் தெரியும். பூமி குலுங்கிக் கல் சரிந்தால் மேல்தளத்தைத் தாங்க வேண்டியவை அவைதான்.

(அந்த ஒரு கை இடம் வீண் இடமல்ல. காயலின் ஈரம் கல்லில் ஏறும். அது தூணுக்குத் தாவாமலிருக்கக் காற்று ஓட வேண்டும். அடைத்தால் மரம் உளுத்துவிடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பாத்ராஸ் நகரில் கட்டுமானப் பொறியியல். இதைச் சொல்வதற்கு அந்தப் பட்டம் தேவையில்லை என்பது வேறு விஷயம். பட்டம் இருந்தும் எவரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.)

போன நிலநடுக்கத்தில் வீடு நன்றாக ஆடியது. ஆடியதால்தான் நின்றது. அந்தப் பெருமையில் தப்பு நடந்தது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட ஸோயிஸ் விளம்பரம் எழுதினான்: “நிலநடுக்கத்திலும் அசையாத வீடு.” பிறகு அந்த வீட்டை நிற்க வைத்த தூண்களையே பலகையால் மூடி, இடைவெளி முழுக்க, டப்பாவிலிருந்து பீய்ச்சினால் இறுகிக்கொள்ளும் நுரையை அடித்தான். படத்தில் அசிங்கமாகத் தெரிகின்றனவாம்.

3

பலகையின் அடியில் ஒரு சாண் அறுத்து எடுத்தேன். நுரையைப் பிய்த்தேன். தூணின் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

அப்போது அண்ணன் வந்தான்.

“ஏய், என்னடி பண்ற? சனிக்கிழமை ஆள் வராங்க!”

“வேணாம்னு சொல்லிடு. இங்க விரல வச்சுப் பாருண்ணா.”

“எதுக்கு?”

“வச்சுப் பாரு.”

இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“தாத்தா காலத்துலேருந்து நிக்குது. உனக்குப் பட்டம் குடுத்ததும் விழுந்துடுமா?”

“அப்பல்லாம் அது மூச்சு விட்டுச்சு. நீதான் மூக்கப் பொத்தின.”

“வந்துட்டாங்கய்யா இன்ஜினியரம்மா! மஞ்சத் தொப்பி எங்க? மாட்டிக்கிட்டு வர்றதுதான?”

“அம்மாவுக்கு மாட்டி விட்டுருக்கேன். அவதான மாடில படுக்குறா.”

அவன் சிரிப்பு நின்றது. மாடியிலிருந்து அம்மா லம்ப்ரினியின் குரல் பலகை இடுக்கு வழியாக இறங்கியது.

“கத்துறது கடல் வரைக்கும் கேக்குது! பருப்பு ஆறுதா இல்லயா? வந்து கொட்டிக்குங்க!”

4

இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனைக் காசாசை பிடித்த முட்டாளாகத்தான் வரைந்திருந்தேன். வசதியாக இருந்தது. ஆனால் சாப்பிடப் போகிற வழியில், படிக்கட்டில், முதுகைக் காட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

“நுரை அடிச்சது படத்துக்காகன்னு நெனச்சியா?”

“நீதான் சொன்ன.”

“உங்கிட்ட வேற என்ன சொல்றது? மாசி மாசக் காத்து அந்தச் சந்துல ஏறி நேரா அவ கட்டிலுக்குத்தான் வருது. விடிய விடிய இருமுறா. நீ பாத்ராஸ்ல இருந்த. உனக்கெங்க கேக்கும்?”

இந்த நாலு வரியை வெட்டிவிட்டால் கதை நேராக ஓடும். வெட்டவில்லை. கோபமாக இருக்கிறது, ஆனாலும் வெட்டவில்லை.

5

முடிவுகள்.

முதலில் ஒரு நிலநடுக்கத்தைக் கொண்டுவந்தேன். மூன்று பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல மூன்று பக்கம். கல் சரிகிறது, உளுத்த தூண் மடங்குகிறது, அண்ணன் புழுதியில் மண்டியிட்டு “நீ சொன்னது சரிதான்” என்கிறான். படித்துப் பார்த்தேன். நான் ஜெயிப்பதற்காக, அம்மாவை மாடியில் படுக்கவைத்துவிட்டு ஊரைக் குலுக்கியிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

அடுத்ததில் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு, இருவருமாகப் பலகையைப் பிடுங்கி, வெயில் உள்ளே

வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. தட்டைத்தான் நகர்த்தி வைப்போம்.

நடந்தது இது. பருப்பு தீர்ந்ததும் அம்மா கீழே இறங்கி வந்தாள். குனிந்து தூணுக்குள் விரலை விட்டாள். முகர்ந்தாள்.

“எனக்காகவா அடைச்ச?”

“ஆமாம்மா,” என்றான் ஸோயிஸ்.

“நீ எனக்காகவா உடைக்கிற?”

“ஆமா.”

“ரெண்டு பேர்ல ஒருத்தராவது எங்கிட்ட கேட்டீங்களாடா?”

விருந்தாளிகளுக்காக வாங்கிப்போட்ட புது நாற்காலியை, அதன் பாலிதீன் உறையோடு, நான் அறுத்த ஓட்டைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உறை கிறீச்சிட்டது.

“பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் மாடிக்கும் போக மாட்டேன், இங்க ஒரு பயலையும் தங்க விடவும் மாட்டேன்.”

ஓட்டை வழியாகக் காற்று வந்தது. அம்மா இருமினாள்.

6

இந்தப் பத்தியில் அவர்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். என் கையில் கடப்பாரை. அண்ணன் கையில் நுரை டப்பா. நடுவில் அம்மா.

வழி இருக்கிறது. தூணைச் சுற்றி எல்லாவற்றையும் திறந்துவிட்டு, உளுத்த காலை மாற்றும்வரை மேல்தளத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். குளிரை மாடித் தரைப்பலகையின் இடுக்கிலேயே அடைத்துவிடலாம். தூணுக்குக் காற்றும் கிடைக்கும், அம்மாவுக்குக் கதகதப்பும் கிடைக்கும். முட்டுக்கொடுக்க இன்னொரு தோள் வேண்டும். அந்தத் தோள் வர வேண்டுமென்றால், நான் அவனிடம் முதலில் வேறொரு வரியைச் சொல்ல வேண்டும்: எனக்குக் கேட்காத இருமலைப் பற்றி.

அந்த வரி எனக்கு வரவில்லை. நிலநடுக்கம் மூன்று பக்கம் வந்தது, இது ஒரு வரி வரவில்லை. உங்களுக்கும் அண்ணனோ தம்பியோ இருப்பார்கள், நீங்கள் எழுதுங்கள். ஒரு கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம், அம்மா குளிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அண்ணா,