வீட்டில் இருப்பவர்கள்

கணினி குலுக்கிப் போட்டதில் கொண்டப்பநாயக்கன்பட்டி வந்தது. அதில் அக்சிலியாவின் வீடும் வந்தது. குடி, போதை மாத்திரைப் பழக்கம் பற்றிச் சேலம், நாமக்கல் பக்கம் வீடுவீடாக எடுக்கும் கணக்கெடுப்புக்கு அவள்தான் தரவு ஆய்வாளர். தேர்வான வீட்டை மாற்றக் கூடாது என்று விதி எழுதியவளும் அவளே. தன் வீட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில் யோக்கியமாக விட்டுவைத்தாள். அந்த யோக்கியத்தில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சித்ரா வண்டியில் வந்தாள். ராசிபுரத்துப் பெண், அக்சிலியாவிடம் பயிற்சி எடுத்த களப்பணியாளர். மேடம் வீடு என்பதால் செருப்பை வாசல் கேட் அருகிலேயே கழற்றிவிட்டாள். அக்சிலியாவின் அம்மா ஆரோக்கியம் காப்பி கொடுத்தாள். தம்பி ரூபன் குளித்துக்கொண்டிருந்தான். வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்தவன், மேட்டூர்ப் பக்கம் ஒரு மையத்தில் சிகிச்சை முடித்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தான். "என்னையக் கேட்டா மறைக்க மாட்டேன்க்கா. ஒருத்தர்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும்" என்று முந்தின நாள் சொன்னான். அக்சிலியாவும் தலையாட்டியிருந்தாள்.

சித்ரா டேப்லெட்டைத் திறந்தாள். "மொதக் கேள்விங்க மேடம். ஊட்ல எத்தன பேருங்க இருக்கறீங்க?"

இந்தக் கேள்வியில்தான் ஜனங்கள் ஏமாற்றுவார்கள் என்று பயிற்சியில் அக்சிலியா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். பழக்கத்தை மறைக்க மெனக்கெட மாட்டார்கள். ஆளே வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அத்தோடு மற்ற கேள்விகள் அந்த ஆளிடம் போகாது. அதை நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது திங்கட்கிழமை அலுவலகம் கண்முன் வந்தது. டீ நேரத்தில் அவள் உள்ளே நுழைந்ததும் சட்டென்று நின்றுபோகும் பேச்சு வந்தது.

"ரெண்டு பேருதான். நானும் அம்மாவும்."

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அதே நேரம் தோளில் ஈரத்துண்டோடு ரூபன் கூடத்துக்கு வந்தான். அவன் கேட்டுவிட்டான் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அப்போதுகூட அக்சிலியா திருத்திச் சொல்லியிருக்கலாம்.

சித்ரா, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள். "அண்ணா, நீங்க இங்கதானுங்களா இருக்கறீங்க?"

ரூபன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க, சும்மா வந்தேன். கெளம்பிட்டேன்."

துண்டை மடித்து நாற்காலியில் போட்டான். அம்மாவிடம், வெளி ஆள் சொல்வதுபோல, "வாரேனுங்கம்மா" என்றான்.

"இருந்து சாப்ட்டுட்டுப் போ சாமி" என்றாள் அம்மா, தான் பெற்ற பிள்ளையிடம்.

சித்ரா டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப ரெண்டு பேருன்னே போட்டுக்கட்டுங்களா மேடம்?"

"போட்டுக்கோங்க."

இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன. அவசரப்படாமல், ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து சித்ரா கேட்டாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே அக்சிலியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில், நிழலில்லாத இடத்தில், ரூபன் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தான். சித்ராவின் வண்டி கிளம்பிவிட்டதா என்று அவ்வப்போது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.