மூன்று தடவை அணைத்த விளக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். "டேஷ்போர்டுல மஞ்சளா இன்ஜின் விளக்கு எரியுது" என்று யாராவது பழைய வண்டியோடு வந்து நின்றால் போதும், சுள்ளென்று ஏறிவிடும். "பத்தொன்பது வயசு வண்டியில விளக்கு எரியாம வேற என்ன எரியும்?" என்பேன். ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருக்கும் கோளாறைப் படிக்காமலே அழித்து, "ஓட்டிப் பாருங்க, திரும்ப வந்தா பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவேன். பாதி வண்டிகள் திரும்பி வராது. நானும் அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டேன்.

அக்காவின் வண்டிக்கும் அதைத்தான் செய்தேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை மாமாவும் கூட வந்திருந்தார். "என்ன மாப்ள, எங்க கிழவி பொழைப்பாளா?" என்று பானெட்டைத் தட்டிச் சிரித்தார். "உங்களுக்கு முன்னாடி போக மாட்டா மாமா, பயப்படாதீங்க" என்றேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

பத்தாம் நாள் மதியம் மாமாவுக்கு நெஞ்சு வலி. அக்காவே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். பாதி வழியில், மேம்பாலத்தின் மேல், வண்டி நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மூன்று வாரம் கழித்து அந்த வண்டியைக் கட்டி இழுத்துவரச் செய்து, அக்கா என் முன்னால் வந்து நின்றாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

"டேய், எங்கிட்ட மறைக்காதே. பதட்டத்துல நான்தான் கிளட்ச்சை விட்டு அணைச்சிட்டேனா? மாமியார் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. அவங்க பாக்குற பார்வைதான் தாங்கல."

"உக்காருக்கா. பாத்துச் சொல்றேன்."

ஸ்கேனரைச் செருகினேன். இந்த முறை படித்தேன். இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு. அது பேசாவிட்டால் பெட்ரோலும் கிடையாது, தீப்பொறியும் கிடையாது. கோளாறு வந்த நேரத்து நிலவரமும் பதிவாகியிருந்தது. வேகம் ஐம்பத்திரண்டு, இன்ஜின் நல்ல சூடு. கிளட்ச்சை விட்டு அணைக்கிறவள் ஐம்பத்திரண்டில் போய்க்கொண்டிருக்க மாட்டாள்.

சென்சாரைக் கழற்றினேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மீட்டரை வைத்தால் ஒழுங்காகக் காட்டியது. சூடான காற்றை அடித்தேன், இரண்டே நிமிடத்தில் மீட்டர் செத்துப்போனது. ஆறவிட்டேன், உயிர் வந்தது. முதல் தடவையே படித்திருந்தால் அன்றே மாற்றியிருப்பேன். இருபது நிமிட வேலை.

"நீ இல்லக்கா. இந்தச் சென்சார். சூடானா வேலையை நிறுத்திடுது" என்றேன். அத்தோடு வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். சென்சார் அன்றைக்குத்தான் போயிற்று என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவளும் தப்பினாள், நானும் தப்பினேன்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அந்த விளக்கு எரிஞ்சது இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"மூணு தடவையும்?"

"என்னன்னே பாக்கலக்கா. மூணு தடவையும் பாக்காமலே அழிச்சேன். பாத்திருந்தா மாமா..."

திட்டுவாள், கையில் இருப்பதை என் முகத்தில் வீசுவாள் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் சென்சாரை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மூணு வாரமா நான் கண்ணை மூடலடா" என்றாள். "இன்னிக்குத் தூங்கிடுவேன்."

என் முகத்தைப் பார்க்காமலே நடந்து போனாள்.