கிளினிக்குக்குப் போக மறுத்தவள்

பிரசவத்துக்கு இன்னும் நாளிருக்கும்போதே எவுஃபேமியாவின் கால்கள் வீங்கிவிட்டன. செருப்பு நுழையவில்லை. இருந்தும் சலினாஸ் ஊர்க் கிளினிக் பக்கம் அவள் போகவில்லை.

அவள் வேலை செய்த கீரைத் தோட்டத்தில் சாப்பாட்டு வேளையில் யாரோ சொன்னதுதான் காரணம். அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்த்தால் ‘நாட்டுக்குச் சுமை’ என்று முத்திரை குத்தி, கிரீன் கார்டு தராமல் மெக்சிகோவுக்கே அனுப்பிவிடுவார்களாம். கணவன் கௌதென்சியோ குடியுரிமை வாங்கியவன். மனைவிக்காக அவன் போட்ட மனு நேர்காணலுக்குக் காத்திருந்தது. முதல் தடவை போனபோது கிளினிக் கொடுத்திருந்த அரசாங்க மருத்துவ அட்டையை அன்று மாலையே அவள் அடுப்பில் போட்டாள். அதன்பின் யாராவது கதவைத் தட்டினாலே உள்ளறைக்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிறு நண்பகலில் கௌதென்சியோவின் தங்கை மாரிபெல் தமாலே என்ற சோளமாவுப் பலகாரத்தோடு வந்தாள்.

“என்ன அண்ணி, மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்கு?”

“வெயில்ல நின்னது.”

“வெயில்ல நின்னா வாடுவாங்க, உப்ப மாட்டாங்க. எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“வேண்டாம்டி. அங்க பேரைப் பதிஞ்சுக்குவாங்க. அப்புறம் பிள்ளை இங்க, நான் அங்கன்னு ஆயிடும்.”

“நீங்க செத்துட்டா அந்தக் கிரீன் கார்டை எங்க ஒட்டறது? சவப்பெட்டி மேலயா?”

எவுஃபேமியா கண்களைக் கசக்கினாள். தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாரிபெல், விளக்கைப் போடேன். ஏன் இப்படி இருட்டாயிடுச்சு?”

ஜன்னல் வழியே வெயில் அவள் மடிவரை விழுந்திருந்தது. மாரிபெலின் கையிலிருந்த தட்டு நழுவியது.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் நேரே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த பெண் குழந்தை கௌதென்சியோவின் உள்ளங்கையை விடச் சற்றே பெரிது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாள் எவுஃபேமியாவுக்குப் பார்வை திரும்பியது. அவள் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி அல்ல.

“என் பேரைக் கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன்” என்றான் கௌதென்சியோ. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “அந்தப் பேச்சு என் காதுலயும் விழுந்துச்சு. எனக்கும் பயம். அதான் நீ போகலைன்னதும் பேசாம இருந்துட்டேன்.”

அவர்கள் மனுவைக் கவனித்த வக்கீல் அம்மாள் விசாரித்துச் சொன்னார்: “பிரசவத்துக்கு வாங்கின உதவியைக் கிரீன் கார்டு அதிகாரிங்க கணக்குல எடுக்க மாட்டாங்க.”

“இன்னைக்கு அப்படிச் சொல்றாங்க. நாளைக்கு மாத்திட்டா?” என்றாள் எவுஃபேமியா.

வக்கீல் அம்மாள் நேர்காணல் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

நேர்காணலில், அரசாங்க உதவி ஏதாவது வாங்கினாளா என்று அதிகாரி கேட்டார். எவுஃபேமியா கௌதென்சியோவைப் பார்த்தாள். மறைத்தால் அது பொய்யாகிவிடும், பொய் இன்னும் பெரிய குற்றம். நடந்ததைச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, கல்யாணம் எங்கே நடந்தது என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

கார்டு வந்தது. மாரிபெல் தெருவுக்கே கேட்கும்படி பாடினாள். குழந்தையும் தேறியது. ஆனால் ஏழைக் குழந்தைகளுக்கு அரசாங்கம் பால் கொடுக்கும் அலுவலகம் இருக்கும் தெருவில், எவுஃபேமியா இன்றும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடக்கிறாள்.