தொண்ணூற்றொன்பதும் ஒரு போல்ட்டும்

முன்னறையில் இருந்த கணினிப் பலகையில், அப்டேட் முடிந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், ஏறியிருந்த சதவீத எண்ணில் ஒன்று குறைந்தது. முதல் நாள் மாலைக்குள் நாற்பத்தொன்று பதினேழாகிவிட்டது. அந்த இருபத்து நான்கில் மேல்வீட்டுக்காரியின் பங்கு ஒன்று. மிச்சமெல்லாம் அப்பாவுடையது.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத பலகை. ஒரு குட்டி மின்விசிறி, மெமரி கார்டு, நான்கு திருகாணி என்று உதிரியாக வரும். பொழுது போகாதவர்கள் வாங்கிக் கோத்து விளையாடுவார்கள். மகளுக்கு அது விளையாட்டில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் அவள். புது இயங்குதளம் ஏற்றிய பலகையோடு வந்தால் அன்றைக்கே வேலை என்று கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது, அவளுக்கென்று நாற்காலிகூட ஒதுக்கியிருந்தது. பாதியில் மின்சாரத்தைப் பிடுங்கினால் கார்டு செத்துவிடும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஆகவே ஒரு லாரி பேட்டரியை இணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பெயரே 'என்னாச்சு'தான். அடுப்பில் தண்ணீர் வைத்தாலும் பக்கத்தில் நின்று கேட்கிற ஆள்.

"ஏம்மா, முடிஞ்சுதா?"

"இப்பதானேப்பா கேட்டீங்க!"

"அது அப்போ. இப்போ என்னாச்சு?"

பதினைந்து.

அவள் நோட்டுப் போட்டு எழுதினாள். வேலை கிடைத்ததா என்ற கேள்விக்கு இரண்டு குறைந்தது. கல்யாணம் எப்போது என்றால் ஐந்து. படித்த பெண்ணைக் கண்டால் சிலருக்கு வாய் நமநமக்கும். என்ன படித்தாள் என்பது மட்டும் கடைசிவரை மண்டையில் ஏறாது. அத்தை ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டதில், ஐந்தில் இருந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே மூன்றுக்குப் போனது.

அன்று அவள் கத்தவில்லை. நோட்டை அப்பாவின் மடியில் போட்டாள். "மிஷின் நல்லாத்தான் இருக்குப்பா. கோளாறு உங்க வாயில."

நூலளவு பிசகைக்கூடக் கண்ணாலேயே பிடிக்கிற மனிதர் அவர். பக்கம் பக்கமாகப் பார்த்தார். மறுநாள் பட்டறையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எஃகு போல்ட்டைக் கடைந்து, பல் கூசாதபடி முனையை மழுக்கிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலை மிதித்ததும் அதைப் பல்லில் கடித்துக்கொண்டார். எண் ஏறத் தொடங்கியது.

முதல் வருடம் பதினொன்று. இரண்டாம் வருடம் நாற்பது. தெருவும் மெல்லப் பழகியது. கடையில் உளுந்து இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. "உளுந்து இருந்தா ஒரு கிலோ வாங்கலாம்னு வந்தேன்" என்றார்கள். அத்தை வந்தால் வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனாள். நாற்காலியைக் கம்பெனி வாரம் ஒருமுறை துடைத்து வைத்தது. போல்ட்டின் மரை தேய்ந்து வழவழப்பானது.

நான்காம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, தொண்ணூற்றொன்பது. காலையிலிருந்து பிற்பகல்வரை அசையவில்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"சனியனே, இன்னும் முடியலையா?"

கேட்டது அவள்தான். தொண்ணூற்றெட்டு.

அப்பா போல்ட்டை வாயிலிருந்து எடுத்து, சட்டை முனையில் அழுந்தத் துடைத்து, மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கடித்துக்கொண்டாள். அவர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வாரம் கழித்து நூறு வந்தது. பலகையின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

இப்போது அவள் அந்தக் கம்பெனியில் ஒரு பிரிவுக்குத் தலைவி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அடையாள அட்டை, ஒரு கணினிப் பலகை, ஒரு போல்ட் கொடுக்கப்படுகின்றன. போல்ட் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.